நுரையீரலுக்காகக் காத்திருந்த 16 மாதங்களும் மூச்சுத் தசைகளும்

என் வீட்டுக்காரர் மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே அமுங்குகிறது என்பதை முதலில் பார்த்தது நான்தான். 2022 புரட்டாசி, ராத்திரி இரண்டு மணி இருக்கும். கரண்ட் போய் ஆக்சிஜன் மிஷின் கத்த ஆரம்பித்ததும் எழுந்து குழாயை சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு மேலே ஏறுகிறது, அதே நேரத்தில் வயிறு கீழே போகிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் தசை கயிறு மாதிரி புடைத்து நிற்கிறது, காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே விழுகிறது. எங்கள் பையன் கைக்குழந்தையாகத் தூங்கும்போது வயிறுதான் அழகாக ஏறி இறங்கும், அது ஞாபகத்துக்கு வந்தது. ஏதோ தலைகீழாக நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்தேன்.

அடுத்த மாதம் சென்னையில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை டாக்டரிடம் அந்த வீடியோவைக் காட்டியபோது அவர் உடனே பிசியோதெரபிஸ்டைக் கூப்பிட்டார். இந்த நிலையில் இருக்கிறவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை ஒருமுறை கவனியுங்கள், மல்லாந்து படுத்திருக்கும்போது வயிறு எந்தப் பக்கம் போகிறது என்று. எதிர்ப்பக்கம் போனால் மூச்சுத் தசை களைத்துப்போய்விட்டது என்று அர்த்தமாக இருக்கலாம், அதை டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

நாங்கள் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை ஊர். அவருக்கு வைக்கோல் வியாபாரம். அறுவடை மிஷின் போன பிறகு வயலில் கிடக்கிற வைக்கோலைக் கட்டாகக் கட்டி மாட்டுப் பண்ணைகளுக்கும் காளான் போடுகிறவர்களுக்கும் அனுப்புவார். மழையில் நனைந்த கட்டு உள்ளே சூடேறி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், பிரித்தால் புகை மாதிரி தூசி கிளம்பும். இருபது வருஷம் அதைத்தான் சுவாசித்திருக்கிறார். அந்தப் பூஞ்சைத் தூசிக்கு நுரையீரலில் ஒவ்வாமை வந்து, அது வருஷக்கணக்கில் முற்றி நார்நாராகத் தழும்பு விழுந்து நுரையீரல் கெட்டியாகிவிட்டது என்றார்கள். வெளிநாட்டில் இதற்கு ‘விவசாயி நுரையீரல்’ என்றே பெயர் உண்டாம். இப்போதும் எங்கள் பக்கம் பூத்த கட்டை மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் பிரிக்கிற பையன்களைப் பார்த்தால் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

நோய் தெரிந்த புதிதில் ஒரு டாக்டர் ‘முழு ஓய்வு, அசையவே கூடாது’ என்றார். நாங்களும் அப்படியே செய்தோம். ஈசி சேரில் உட்காரவைத்து, தண்ணீர் சொம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து மாதத்தில் தொடை இரண்டும் என் கை பருமனுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அன்பு என்று நினைத்து நான் செய்த வேலை அது.

சென்னையில் முதல் தடவை போனபோது மாற்று நுரையீரலுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. 170 செ.மீ. உயரத்துக்கு 47 கிலோ இருந்தார், அதாவது உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில் 16 சொச்சம், ரொம்பக் குறைவு. அப்புறம் ஒரு குழாயை வாயில் வைத்து, மூக்கை கிளிப் போட்டு அடைத்து, முழு பலத்தோடு இழுக்கச் சொன்னார்கள். மூச்சுத் தசைக்கு எவ்வளவு இழுக்கும் பலம் இருக்கிறது என்று பார்க்கிற சோதனை. அவர் வயது ஆணுக்கு 100-ஐ ஒட்டி வர வேண்டியது, இவருக்கு 46 வந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: “நுரையீரலை நாங்க மாத்திடலாம்மா. அதை இழுக்கிற தசையை மாத்தித் தர முடியாது. அதை நீங்கதான் தேத்திக் கொண்டு வரணும்.” ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே இருந்த பிசியோ பெண்தான் எங்களுக்குப் புரியவைத்தாள். நுரையீரல் தானாக விரியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு தசை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கும். அது சுருங்கித் தட்டையாகக் கீழே இறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. சாதாரணமாக மூச்சுவிடுகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். நுரையீரல் கெட்டியாகிவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் பழைய லாரி டியூபை இழுத்து விரிக்கிற மாதிரி வேலை. ராத்திரி பகல் அதற்கு லீவே கிடையாது. அது திணறும்போது கழுத்துத் தசையும் விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தசையும் உதவிக்கு வரும், நான் பார்த்த கயிறு அதுதான். பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் ஊதிப்போனவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு உள்ளே காற்று தேங்கி அந்தச் சட்டியே தட்டையாகிவிடும், இழுக்க இடமிருக்காது. அதனால் பக்கத்து பெட் நோயாளிக்குச் சொன்ன பயிற்சியைப் பார்த்து நாமும் செய்வது சரியில்லை என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள்.

இதற்கு மேலே சாப்பாடு இறங்காமல் தசை கரையும், ஸ்டீராய்டு மாத்திரை தசையைத் தின்னும், முக்கியமாகத் தொடையை, உட்கார்ந்தே இருப்பது மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், வைட்டமின் டி குறைந்தாலும் தசை தளரும் என்று அதையும் சோதித்தார்கள், இவருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கருவி கை அளவு பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் மூடியும் இருக்கும். நாம் குறிப்பிட்ட பலத்தோடு இழுத்தால்தான் மூடி திறந்து காற்று வரும், இல்லாவிட்டால் வராது. பக்கத்தில் அளவுகோல் இருக்கிறது, திருகி ஏற்றலாம். அவருடைய பலத்தில் 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு 14-இல் ஆரம்பித்தோம். காலையில் 30 மூச்சு, சாயங்காலம் 30, பத்துப் பத்தாகப் பிரித்து நடுவில் ஓய்வு. முதல் வாரம் ஏழாவது மூச்சிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாராவாரம் போனில் பேசி அவள் சொன்னால் மட்டும் 2 ஏற்றுவோம், நாங்களாக ஏற்றியதில்லை. எக்கோ எடுத்து, இதயத்தின் வலது பக்கம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பார்த்த பிறகுதான் இதைக் கொடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த ஆட்கள், காது ஜவ்வு கிழிந்தவர்கள், சமீபத்தில் இருமலில் ரத்தம் வந்தவர்கள் இதைத் தொடக்கூடாது என்றாள். ஆகவே ஆன்லைனில் வாங்கி நாமே ஆரம்பிக்கிற சமாசாரம் இது இல்லை. தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், பூஞ்சையால் வந்த நோய்க்குப் பூஞ்சை பிடித்த குழாயை வாயில் வைக்க முடியுமா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு நாயனக்காரப் பெரியப்பா இருக்கிறார், கோயில் கச்சேரியெல்லாம் வாசித்தவர். அவர் தினமும் வந்து, “எதுக்குடா இந்தப் பிளாஸ்டிக்கு, பலூன் ஊது, சங்கு ஊது, நுரையீரல் தானா தெறந்துக்கும்” என்பார். உறவுக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். ஊதுவது வேறு, இழுப்பது வேறு. பலூன் ஊதும்போது வேலை செய்வது மூச்சை வெளியே தள்ளுகிற வயிற்றுத் தசை. நமக்குக் களைத்திருப்பது உள்ளே இழுக்கிற தசை. ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கொடுக்கிற மூன்று பந்துக் கருவியில் இழுக்கத்தான் செய்கிறோம், ஆனாலும் அது நுரையீரல் சுருங்காமல் இருப்பதற்கு, தசையைப் பலப்படுத்துகிற அளவுக்கு அதில் சுமை இல்லை. பெரியப்பாவிடம் கருவியைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரிதாம்மா. எங்களுக்கும் ஊதுறது கைவந்துடும். நடுவுல சட்டுனு இழுத்துக்கிறதுதான் பாடு” என்றார். அப்புறம் சாயங்காலத்தில் அவரே வந்து உட்கார்ந்து மூச்சை எண்ணுவார். மூச்சை அடக்கிவைக்கிற பிராணாயாம வீடியோக்களையும் நிறையப் பேர் அனுப்பினார்கள், கெட்டியான நுரையீரலை வைத்துக்கொண்டு அடக்கினால் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கும் என்பதால் ஒன்றையும் செய்யவில்லை.

நடைதான் பெரிய விஷயம். கால் தசை பலவீனமாக இருந்தால் பத்து அடி நடப்பதற்குள் கால் சோர்ந்து இன்னும் மூச்சு கேட்கும், மூச்சுத் தசைக்குச் சுமை இரட்டிப்பாகும். அதனால் தொடையைத் தேற்றுவதும் மூச்சுக்கான வைத்தியம்தான். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீளமாகப் போகும். கூடத்தின் நடுவில் மிஷினை வைத்து 15 மீட்டர் குழாய் போட்டால் திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை போய்வரலாம். நானே டேப் வைத்து அளந்தேன், ஒரு நடைக்கு 22 மீட்டர். குழாயில் கால் சிக்கி நிலைப்படியில் ஒருமுறை விழப் பார்த்தார், அதற்கப்புறம் குழாயைத் துணி உலர்த்துகிற கொடியில் தொங்கவிட்டு நகர்த்தினேன்.

விரலில் ஆக்ஸிமீட்டர், 88-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தம். ஆக்சிஜன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 2 லிட்டர், நடக்கும்போது 5 லிட்டர் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். நிறையப் பேர் ஆக்சிஜனைக் கூட்டினால் பழகிவிடும் என்று பயந்து குறைத்து வைத்து நடக்கிறார்கள், அப்படி நடந்தால் தசைக்குப் பயிற்சி கிடைக்காது, கஷ்டம் மட்டும்தான் மிச்சம். மூச்சுத்திணறலை 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பேன், 3, 4 என்று சொன்னால் சரி, 5-ஐத் தாண்டினால் திண்ணையில் உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் சாய்ந்துகொள்வார். தோள் நிலையாக நின்றால் கழுத்துத் தசைக்குப் பிடிமானம் கிடைக்கும். முதல் நாள் மூன்று நடை. மார்கழி முடிவதற்குள் உட்கார்ந்து உட்கார்ந்து 20 நடை. கூடவே நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஐந்து தடவைக்கு முதலில் 24 வினாடி ஆனது, சித்திரையில் 14.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் 5 வரை வராது. பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், 2 லிட்டர் வைத்தால் 12 மணி நேரம் வரும், நடந்தால் அந்தக் கணக்கெல்லாம் ஓடாது. அதனால் எப்போதும் இரண்டு நிறைந்த சிலிண்டர், பேப்பரில் நாளை மின்தடை என்கிற செய்தியை முதலில் பார்ப்பது, அன்றைக்கு நடை கிடையாது, குழாய்ப் பயிற்சி மட்டும். தை அறுவடை வந்ததும் ஜன்னலையெல்லாம் ஈரத்துணி போட்டு மூடினோம். அந்த 2023 தையில் பருவம் தப்பி மழை பெய்து டெல்டா முழுக்கக் கதிர் சாய்ந்து கிடந்தது. எல்லாரும் நெல்லுக்காக அழுதார்கள், நான் நனைந்த வைக்கோலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

குளிப்பது எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது. நடந்தால்கூட அவ்வளவு திணறாதவர், சொம்பால் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் நீலம் பாய்ந்துவிடுவார். கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள், கழுத்துத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடும், உதரவிதானம் தனியாக மாட்டிக்கொள்ளும். ஸ்டூலில் உட்காரவைத்து, ஆக்சிஜன் குழாயை எடுக்காமலே நான் ஊற்றிவிட்டேன். தலையில் போட்டு மாட்டுகிற பனியனை விட்டுவிட்டு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. எந்தக் காரியத்திலும் கஷ்டமான பகுதி வரும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்யவேண்டும், எழும்போது, படி ஏறும்போது, வாளியை நகர்த்தும்போது. குத்தவைக்கிற கக்கூஸை மாற்றி மேற்கத்திய முறைக்குக் கட்டினோம். முக்கினால் மூச்சு அடைபடும், அதற்காக மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டில் நான் செய்த முதல் தப்பு, தேறட்டும் என்று இலை நிறையப் போட்டது. வயிறு நிறைந்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ளும், அரை மணி நேரம் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஆறு வேளையாகப் பிரித்தோம். ஒரு நாளைக்கு 60, 70 கிராம் புரதம் சேரவேண்டும் என்று கணக்கு கொடுத்தார்கள். காலையில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், பதினோரு மணிக்கு இரண்டு அவித்த முட்டை, மத்தியானம் கொஞ்சம் சோறும் விரால் மீன் குழம்பும், நாலு மணிக்குப் பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் பிசைந்து ஒரு உருண்டை, ராத்திரி இட்லி, படுக்கும்முன் பால் பவுடர் கலந்த பால். வாயுவாக உப்புகிற எதையும் கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் 47 என்பது 52 ஆனது.

2023 மே மாதம் போனபோது இழுக்கும் பலம் 46-லிருந்து 64. பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்து கொடுக்கிற திட்டம் 2008 முதல் நடக்கிறது, பதிவு மருத்துவமனை வழியாகத்தான். ரத்த வகையும் நெஞ்சளவும் பொருந்தவேண்டும். எடுத்த நுரையீரலை அதிக நேரம் வெளியே வைத்திருக்க முடியாது என்பதால் கூப்பிட்டால் உடனே வரவேண்டும், கும்பகோணத்திலிருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலை எழும்பூர் வருகிற தூரமெல்லாம் ஒத்துவராது. மருத்துவமனை பக்கத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தோம்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி கூப்பிட்டார்கள். குளித்து, தயார்செய்து, கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு வந்த நுரையீரல் நல்ல நிலையில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படி நடக்கும் என்று முன்னாலேயே சொல்லித்தான் இருந்தார்கள், ஆனாலும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இரண்டு வாரம் குழாயைத் தொடவில்லை, நடக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, என்ன சொல்லி எழுப்புவது? மூன்றாவது வாரம் ஆரம்பித்தபோது பழைய அளவில் மூடி திறக்கவே இல்லை, நாலு படி கீழே இறக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் சேர்த்த பலத்தில் இவ்வளவு இரண்டு வாரத்தில் போய்விட்டது. “ஏங்க, நாளைக்கே கூப்பிட்டா?” என்று மட்டும் கேட்டேன். கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டினார்.

2024 பிப்ரவரியில் கிடைத்தது. யார் கொடுத்தார்கள், எந்த ஊர் என்று சொல்லமாட்டார்கள். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023 செப்டம்பரில் அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு ஏதோ ஒரு வீட்டு வாசலில் அது நடந்துகொண்டிருக்கும் என்ற நினைப்போடுதான் ஆபரேஷன் தியேட்டர் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

இந்த 16 மாதத்து உழைப்பு எதற்கு என்பது வென்டிலேட்டரில் இருந்த நாட்களில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மிஷின் முழுக்க மூச்சுவிட்டுக்கொடுத்தால் உதரவிதானம் சும்மா இருக்கும், சும்மா இருந்தால் சுருங்கும். 2008-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் மட்டுமே அப்படிச் சும்மா இருந்தவர்களின் உதரவிதானத்தில் தசை நார்கள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தன என்று பிசியோ பெண் சொன்னாள். கையிருப்பு இல்லாமல் உள்ளே போனால் மிஷினை விட்டு வெளியே வருவது எவ்வளவு பாடாக இருக்கும் என்று யோசியுங்கள். இவருக்கு மூன்றாவது நாள் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். ராத்திரியில் மட்டும் ஒரு வாரம் முகமூடி மிஷின். இரண்டாம் நாளே, குழாய் இருக்கும்போதே, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்தார்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தையல் வலி தாங்கும், அதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து அறையிலிருந்த அக்கா. வலியில் இழுக்கும் பலம் முதலில் பாதியாகக் குறைந்து, மூன்றாம் மாதம் 70-ஐத் தாண்டியது.

ஆகஸ்டில் ஊருக்கு வந்தோம். அந்த வருஷம் மேட்டூரில் ஜூலை கடைசியில்தான் தண்ணீர் திறந்தார்கள், குடமுருட்டியில் புதுத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஆற்றில் குளிக்கக்கூடாது, மண்ணைக் கிளறக்கூடாது, வைக்கோல் பக்கமே போகக்கூடாது, கட்டு கட்டுகிற மிஷினை விற்றுவிட்டோம். வந்த மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போனபோது நான் பழக்கத்தில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நின்றபடியே சொம்பில் மொண்டு தலைக்கு ஊற்றினார், ஒன்று, இரண்டு, மூன்று. நான் அவர் கழுத்துக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “எதுக்கு இங்கேயே நிக்கிறே, போய் டிபனைப் பாரு” என்றார்.